எங்கே திருப்புவது? இரட்டை இன்ஜின் படகும் எதிர்ச்சுழற்சியும்

கொடைக்கானல் ஏரியில் துடுப்புப் படகு எடுத்துக்கொண்டு இறங்குகிறவர்களைக் கரையில் நின்று கொஞ்ச நேரம் பாருங்கள். இரண்டு துடுப்பையும் ஒரே பலத்தில் வலித்து நேராகப் போவதை எல்லோரும் சீக்கிரம் பழகிவிடுவார்கள். திரும்புவதில்தான் தடுமாற்றம். ஒரு துடுப்பை மட்டும் வலித்து வலித்துப் பெரிய வட்டம் போட்டு, கரையோரச் செடிகளில் போய் மாட்டிக்கொள்வார்கள். அப்போது படகுத்துறையிலிருந்து ஒரு குரல் வரும்: "ஒரு பக்கம் இழுங்க சார், இன்னொரு பக்கம் தள்ளுங்க!" சொன்னபடி செய்ததும் படகு நின்ற இடத்திலேயே திரும்பிவிடும்.

இரட்டை இன்ஜின் படகு திரும்புவதும் இப்படித்தான். ஒரு இன்ஜினை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் போட்டால், ஸ்டியரிங்கைத் தொடாமலேயே படகைத் தன் நீளத்துக்குள் திருப்பிவிடலாம். ஆனால் துடுப்புக்கு இல்லாத ஒரு குணம் புரொப்பல்லருக்கு உண்டு. அது சுழல்கிறது. சுழல்கிற எதுவும் தண்ணீரைப் பின்னால் தள்ளுவதோடு நிற்காது. பக்கவாட்டிலும் கொஞ்சம் தள்ளும். இரட்டை இன்ஜினில் ஒன்றை இடம்சுழியாகவும் மற்றதை வலம்சுழியாகவும் ஏன் ஓட்டுகிறார்கள், சுழற்சியை எதிர்ப்பக்கமாக மாற்றும் அந்தத் திருப்பத்தை எங்கே வைப்பது என்பதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

மலையில் உட்கார்ந்துகொண்டு படகு இன்ஜினைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் குன்னூரில் பட்டறை வைத்திருக்கிறேன். தேயிலை ஃபேக்டரி மோட்டார், பம்ப், ஜெனரேட்டர் என்று பிழைப்பு ஓடுகிறது. இளவயதில் கொச்சியில் படகு கட்டும் யார்டுகளில் வேலை பார்த்தேன். அண்ணன் மகன் இப்போது அங்கேதான் மெக்கானிக். சிக்கலான வேலை வந்தால் போன் பண்ணுவான். போனில் தீராவிட்டால் இன்ஜினையே மலையேற்றி அனுப்பிவிடுவான். கொடைக்கானல் ஏரியை 1863-ல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் துரை உண்டாக்கியபோது முதல் படகு தூத்துக்குடியிலிருந்து மேலே வந்தது என்பார்கள். அதை நினைத்தால், படகுச் சாமான் மலையேறுவது பழைய வழக்கம்தான்.

முதலில் அந்தப் பக்கத் தள்ளல். புரொப்பல்லரின் மேல் இதழ் படகின் அடிப்பக்கத்தை ஒட்டி, ஏற்கெனவே கலங்கிய தண்ணீரில் சுழல்கிறது. கீழ் இதழுக்குக் கலங்காத, ஆழமான தண்ணீர் கிடைக்கிறது. அதனால் கீழ் இதழின் பிடி அதிகம். படகின் பின்பக்கம், தரையில் உருளும் சக்கரம் போல ஒரு பக்கமாக நகரப் பார்க்கும். பின்னால் நின்று பார்க்கும்போது கடிகார முள் போகும் திசையில் சுழல்வது வலம்சுழி புரொப்பல்லர். அது முன்னுக்கு ஓடும்போது பின்பக்கம் வலப்புறமாகவும், ரிவர்ஸில் இடப்புறமாகவும் நகரும். ரிவர்ஸில்தான் இது பலமாகத் தெரியும். காரணம், அப்போது புரொப்பல்லர் வீசும் சுழல்நீர் நேராகப் படகின் விலாவில் போய் மோதுகிறது.

ஊட்டி பக்கத்துப் பைக்காரா ஏரியில் மோட்டார் படகு துறையை விட்டுப் பின்வாங்கும்போது ஓட்டுநரின் கையைக் கவனித்திருக்கிறேன். ரிவர்ஸ் போடுவதற்கு முன்பே கை ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடித்து வைத்துவிடும். யாரும் சொல்லிக்கொடுத்து வந்த பழக்கமாக இருக்காது, படகே சொல்லிக்கொடுத்திருக்கும். ஒற்றை அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே தொங்கும் இன்ஜின்) மாட்டிய படகு வேகம் பிடிக்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். அதைச் சரிக்கட்டத்தான் புரொப்பல்லருக்கு மேலே உள்ள தட்டின் அடியில் சின்ன மீன்வால் போல ஒரு துண்டு இருக்கிறது. படகு வலப்பக்கம் இழுத்தால் அதன் பின்முனையை வலப்பக்கமே கொஞ்சம் திருப்பி முடுக்க வேண்டும். ஒரு ஸ்பேனர் வேலைதான். பல படகுகளில் அது சும்மா நேராக நிற்க, ஓட்டுநர் நாள் முழுக்கக் கை வலிக்க ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

இப்போது இரண்டு புரொப்பல்லர். இரண்டுமே வலம்சுழி என்றால் இரண்டின் பக்கத் தள்ளலும் கூடிவிடும். இரண்டையும் ரிவர்ஸில் போட்டால் படகு நேராகப் பின்னுக்கு வராது. பின்பக்கம் இடப்புறமாகச் சரிந்துகொண்டே போகும். நின்ற இடத்தில் திரும்புவதிலும் ஓரவஞ்சனை. வலப்புறம் திரும்பச் சொன்னால் சட்டென்று திரும்பும், இடப்புறம் என்றால் முரண்டு பிடிக்கும். வலது புரொப்பல்லரை வலம்சுழியாகவும் இடதை இடம்சுழியாகவும் வைத்தால் இந்தக் கணக்கு முழுக்க நேராகிவிடுகிறது. இரண்டும் சேர்ந்து முன்னுக்கோ பின்னுக்கோ ஓடும்போது ஒன்றின் தள்ளலை மற்றது அடித்துவிடும். ஒன்று முன்னுக்கும் ஒன்று பின்னுக்கும் ஓடும்போது இரண்டின் தள்ளலும் திரும்பும் திசைக்கே துணை போகும். மேல் இதழ்கள் இரண்டும் படகின் வெளிப்பக்கம் பார்த்துச் சாய்கிற இந்த ஏற்பாட்டை வெளிச்சுழற்சி என்று சொல்லலாம். உட்சுழற்சியாக வைத்தாலும் நேராக ஓடும்போது தள்ளல் அடிபட்டுப் போகும். ஆனால் திருப்பும்போது புரொப்பல்லரின் குணம் உங்களுக்கு எதிராக வேலை செய்யும். வேகம் மட்டுமே குறியான சில படகுகளில் உட்சுழற்சி வைக்கிறார்கள். துறையில் நாலு படகுக்கு நடுவே நுழைந்து நுழைந்து வெளியே வர வேண்டிய படகுக்கு வெளிச்சுழற்சிதான் சரி.

இப்படி இரண்டையும் எதிரெதிராகச் சுழலவிடும் எதிர்ச்சுழற்சியின் பெருமையைப் பேசுகிறவர்கள் வேகத்தையும் நேர் ஓட்டத்தையும்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் அதன் உண்மையான பலன் மெதுவாகப் போகும்போதுதான் தெரியும். காற்று அடிக்கிற நாளில், குறுகலான துறையில், ஐந்தடி இடைவெளியில் படகைச் சொருகுகிறவரைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, இரண்டும் எதிரெதிராகச் சுழல வேண்டும். எங்கே திருப்புவது? இன்ஜினையே எதிர்ப்பக்கம் ஓடும்படி கட்டலாம். இன்ஜின்கள் இரண்டையும் ஒரே மாதிரி ஓடவிட்டு, கியர் பாக்ஸில் திருப்பலாம். அவுட்போர்டு என்றால் தண்ணீருக்குள் இருக்கும் அடிக்காலில் திருப்பலாம். என் தீர்மானமான கருத்து, திருப்பம் புரொப்பல்லருக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இன்ஜினைத் திருப்புவது கடைசி வழி.

இதற்கு நல்ல சாட்சி எங்கள் குன்னூர் ரயில் நிலையத்திலேயே இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கரத்தில் ஏறி வருகிறது நீராவி இன்ஜின். குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு, ஊட்டிக்கு டீசல் இன்ஜின் மாட்டுகிறார்கள். நீராவி இன்ஜினில் டிரைவர் ஒரு லிவரை மாற்றினால் போதும். சிலிண்டருக்குள் நீராவி நுழையும் நேரம் மாறி, இன்ஜின் அப்படியே எதிர்ப்பக்கம் ஓடும். எந்தப் பக்கம் ஓடினாலும் அதற்கு ஒன்றுதான். பக்கத்தில் நிற்கும் டீசல் அப்படியில்லை. அதற்குள் இருக்கும் டீசல் இன்ஜின் எப்போதும் ஒரே பக்கம்தான் சுழலும். அது மின்சாரம் உண்டாக்குகிறது. அந்த மின்சாரத்தில் சக்கரத்தருகே இருக்கும் மோட்டார்கள் ஓடுகின்றன. ரயில் பின்னால் போக வேண்டுமென்றால் மோட்டார்களுக்குப் போகும் மின்சாரத்தை மாற்றுகிறார்கள். இன்ஜினைத் தொடுவதில்லை. ஒரே பிளாட்பாரத்தில் இரண்டு வழியும்.

கப்பல்களிலும் இந்த இரண்டு வழிகளும் உண்டு. 1912-ல் முழுகிய டைட்டானிக்கில் மூன்று புரொப்பல்லர். ஓரத்து இரண்டையும் ஓட்டியது பிஸ்டன் நீராவி இன்ஜின். அதை எதிர்ப்பக்கம் ஓட்ட முடியும். நடுவில் இருந்தது டர்பைன். அதற்கு ரிவர்ஸே கிடையாது. கப்பல் பின்வாங்கும்போது அது சும்மா நிற்க வேண்டியதுதான். இன்றைய பெரிய சரக்குக் கப்பல்களில் புரொப்பல்லரோடு நேரடியாகப் பூட்டிய மெதுவேக டீசல் இன்ஜின்கள் இருக்கின்றன. ரிவர்ஸ் வேண்டுமென்றால் இன்ஜினை நிறுத்தி, வால்வு, டீசல் பம்ப் நேரங்களை மாற்றி, அழுத்தக் காற்றை விட்டு எதிர்ப்பக்கமாகத் திரும்ப ஸ்டார்ட் செய்கிறார்கள். அதற்கென்றே கட்டிய இன்ஜின்கள் அவை.

1903-ல் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்திலும் இரண்டு புரொப்பல்லர். இன்ஜின் ஒன்றே ஒன்று. இரண்டும் எதிரெதிராகச் சுழல வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தபோது இன்ஜினில் கைவைக்கவில்லை. சைக்கிள் கடைக்காரர்கள் அல்லவா, புரொப்பல்லருக்குப் போகும் இரண்டு செயினில் ஒன்றை எட்டு போலக் குறுக்கே மாட்டிவிட்டார்கள். திருப்பத்தை எங்கே வைப்பது என்பதற்கு இதைவிட அழகான விடையை நான் பார்த்ததில்லை.

சாதாரண நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் எதிர்ப்பக்கம் ஓடினால் என்ன ஆகும்? மலைப்பாதையில் பழைய லாரி ஓட்டியவர்கள் ஒன்று சொல்வார்கள். மேட்டில் இன்ஜின் நின்று, கியரிலேயே வண்டி பின்னால் உருண்டால், சில டீசல் இன்ஜின்கள் எதிர்ப்பக்கமாகவே பிடித்துக்கொள்ளுமாம். சைலன்சர் வழியாகக் காற்று இழுத்து ஏர் ஃபில்டர் வழியாகப் புகை கக்கும். ஆயில் பிரஷர் முள் எழும்பாது. உடனே நிறுத்தாவிட்டால் பேரிங் போச்சு. அவர்கள் சொன்னதில் இயந்திரக் கணக்கு முழுக்கச் சரியாக இருக்கிறது. எதிர்ப்பக்கம் சுழலும்போது உள்ளிழுக்கும் வால்வு வெளியே தள்ளும். வெளியே தள்ளும் வால்வு உள்ளிழுக்கும். ஆயில் பம்ப் பல்சக்கர வகை. எதிர்ப்பக்கம் சுழன்றால் உறிஞ்சுவதும் தள்ளுவதும் இடம் மாறிவிடும்.

தேயிலை ஃபேக்டரி மின்மோட்டாருக்கு இந்தத் தொல்லையே இல்லை. மூன்று ஃபேஸில் இரண்டை மாற்றிக் கட்டினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். ஆனால் அங்கேயும் ஒரு பாடம் உண்டு. இலை வாட்டும் தொட்டியின் ஃபேன், ஃபேஸ் மாறி எதிர்ப்பக்கம் ஓடினால் காற்று எதிர்ப்பக்கமாக வரும். ஆனால் முழு அளவு வராது. இதழின் வளைவு ஒரு பக்கத்துக்காகச் செய்தது. புரொப்பல்லரும் அப்படித்தான். வலம்சுழி புரொப்பல்லரை எதிர்ப்பக்கம் ஓட்டினால் அது இடம்சுழி புரொப்பல்லர் ஆகிவிடாது. ரிவர்ஸில் ஓடும் வலம்சுழி புரொப்பல்லர்தான். எதிர்ச்சுழற்சி என்றால் அந்தப் பக்கத்துக்கென வார்த்த இடம்சுழி புரொப்பல்லர் தனியாக வேண்டும்.

இனி என் மேசைக்கு வந்த இன்ஜின். அண்ணன் மகன் போன் பண்ணினான்.

"சித்தப்பா, ஒரு பழைய வெளிநாட்டுப் படகு. ரெட்டை இன்ஜின், பெட்ரோல் வி-8. வலது இன்ஜின் பின்னாடி ஆயில் ஊத்துது, வேகம் எடுத்தா சூடாகுது. வேற ஒரு இடத்துல முழுசாப் பிரிச்சு வேலை பார்த்துட்டுத்தான் வந்திருக்கு. எடதுப்பக்க இன்ஜின் அருமையா ஓடுது. ரெண்டும் ஒரே மாடல்."

"ஸ்டார்ட் பண்றப்போ முன்னாடி நின்னு புல்லியைப் பாத்தியா? ரெண்டும் ஒரே பக்கமா சுத்துது?"

"அதைப் பாக்கலையே சித்தப்பா."

"பாத்து வீடியோ அனுப்புடா."

வீடியோவில் தெரிந்தது. இடது இன்ஜினின் புல்லி, முன்னால் நின்று பார்க்கும்போது கடிகாரச் சுற்று. பெரும்பாலான காரிலும் லாரியிலும் பார்க்கிற சுற்று. வலது இன்ஜின் அதற்கு நேரெதிர். இதில் எல்லோரும் குழம்புகிற ஒரு விஷயம் உண்டு. இன்ஜின்காரர்கள் பின்முனையில் உள்ள பிளைவீல் என்ற கனமான சக்கரத்தின் பக்கத்திலிருந்து பார்த்துச் சுழற்சி சொல்வார்கள். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் சாதாரண இன்ஜின் இடம்சுழி. பிளைவீல் படகின் பின்பக்கம் பார்த்திருந்து, கியர் பாக்ஸ் திசையை மாற்றாத வகையாக இருந்தால், அதோடு இடம்சுழி புரொப்பல்லர்தான் பூட்ட முடியும். ஆகவே அது இடப்பக்கம் போகும். எதிர்ச்சுழற்சி இன்ஜின் வலப்பக்கம். பழைய இரட்டை இன்ஜின் படகுகளில் 'விசேஷ' இன்ஜின் வலப்பக்கம் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கியர் பாக்ஸைக் கழற்றிவிட்டு இன்ஜினைப் பிக்கப்பில் ஏற்றி அனுப்பினான். மேட்டுப்பாளையம், கல்லாறு, பர்லியாறு என்று ஏறி, மழைத் தார்ப்பாய்க்குள் வந்து இறங்கியது.

முன் மூடியைத் திறந்தேன். சாதாரண இன்ஜினில் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்குக்கும், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம் ஷாஃப்டுக்கும் நடுவே செயின் இருக்கும். இதில் செயின் இல்லை. இரண்டு பல்சக்கரம் நேரடியாகப் பல்லோடு பல் பூட்டி நிற்கின்றன. அழகான யோசனை. செயின் போட்டால் கிராங்க் சுற்றும் பக்கமே கேமும் சுற்றும். பல்சக்கரம் நேரடியாகப் பூட்டினால் எதிர்ப்பக்கம். கிராங்க் ஏற்கெனவே எதிர்ப்பக்கம் ஓடுவதால், கேம் வழக்கமான பக்கத்துக்கே வந்துவிடுகிறது. கேமிலிருந்து ஓடும், பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் ஆயில் பம்பும் எப்போதும் போலவே சுற்றும், மாற்ற வேண்டியதில்லை. கேம் ஷாஃப்டின் மேடுகள் மட்டும் வேறு வரிசை. சாதாரண இன்ஜினில் சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-8-4-3-6-5-7-2, இதில் 1-2-7-5-6-3-4-8. முதல் வரிசையை ஒன்றில் தொடங்கிப் பின்னாலிருந்து படித்தால் இரண்டாவது வந்துவிடும். வேறு சில எதிர்ச்சுழற்சி இன்ஜின்களில் செயினையே வைத்துவிட்டு டிஸ்ட்ரிபியூட்டர், ஆயில் பம்ப் பல்சக்கரங்களை மாற்றியிருப்பார்கள். ஆகவே திறந்து பார்க்காமல் பார்ட்ஸ் வாங்கவே கூடாது.

ஆயில் ஒழுகலுக்குக் காரணம் பின்பக்கத்துப் பெரிய சீல். கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், ரப்பர் உதட்டில் மயிரிழை போலச் சாய்வான கோடுகள். நகத்தால் தடவினால் தெரியும். கிராங்க் சுழலும்போது உதட்டருகே வரும் ஆயிலை இந்தக் கோடுகள் மறை ஓட்டுவது போலத் திரும்ப உள்ளே தள்ளும். இந்த இன்ஜினில் போட்டிருந்தது சாதாரண இன்ஜினின் சீல். கிராங்க் எதிர்ப்பக்கம் சுழலும்போது அதே கோடுகள் ஆயிலை வெளியே தள்ளும். சீல் புத்தம்புதியது, ஒரு கீறல் கிடையாது. போட்டவர் நன்றாகத்தான் உட்கார வைத்திருந்தார். ஆனால் அந்த இன்ஜினுக்கு அது அடைப்பாக இல்லாமல் ஒரு குட்டிப் பம்பாக வேலை செய்துகொண்டிருந்தது.

சூட்டுக்குக் காரணம் முன்னால் இருக்கும் வாட்டர் பம்ப். அது கிராங்கிலிருந்து பெல்ட்டில் ஓடுவது. ஆகவே எதிர்ப்பக்கம்தான் சுற்றும். அதற்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் இதழ்கள் வளைந்தவை. சாதாரண இன்ஜினின் பம்பை வாங்கிப் போட்டிருந்தார்கள். இந்த வகைப் பம்ப் எதிர்ப்பக்கம் சுற்றினாலும் தண்ணீரைத் தள்ளும். ஆனால் பலமில்லாமல் தள்ளும். மெதுவாக ஓடும்போது போதும். வேகம் எடுத்தால் போதாது. அதனால்தான் துறையில் நின்று ஓட்டிப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கடல் தண்ணீர் இழுக்கும் ரப்பர் இம்பெல்லர் பம்ப் வேறு ரகம். அது இரண்டு பக்கமும் நன்றாகச் சுற்றும். ஆனால் உள்வழியும் வெளிவழியும் இடம் மாறிவிடும், ஹோஸை மாற்றிப் பூட்ட வேண்டும்.

இன்னும் பார்க்க வேண்டியவை உண்டு. பிஸ்டன் பின் பிஸ்டனின் நட்டநடுவில் இருக்காது; பிஸ்டன் சுவரில் அடிக்காமல் இருக்க ஒன்றரை மில்லிமீட்டர் போல ஒரு பக்கம் தள்ளி வைத்திருப்பார்கள். எதிர்ச்சுழற்சியில் பிஸ்டனைத் திருப்பிப் போட வேண்டும். பொறி விழும் நேரத்தை வைப்பதற்கான டைமிங் குறிகளில், பிஸ்டன் உச்சத்துக்கு முன் என்று இருப்பது எதிர்ச்சுழற்சியில் உச்சத்துக்குப் பின். குறியை அப்படியே நம்பி டைமிங் வைத்தால் பொறி தாமதமாகத்தான் விழும், இன்ஜின் கொதிக்கும். ஆல்டர்னேட்டர் எந்தப் பக்கம் சுற்றினாலும் கரண்ட் கொடுக்கும். அதன் ஃபேன்தான் சூடாற்றாமல் விட்டுவிடும்.

செல்ஃப் மோட்டார் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. அவசரத்துக்குக் கடையில் கிடைத்த சாதாரண செல்ஃப் மோட்டாரை மாட்டிவிட்டால், அது இன்ஜினைத் தவறான பக்கம் சுழற்றும். இன்ஜின் பிடிக்காது. பிடிக்கவில்லையே என்று விடாமல் சுழற்றினால், மேலே சொன்னபடி வெளியே தள்ளும் வால்வு உள்ளிழுக்கத் தொடங்கும். படகில் சைலன்சர் பைப்பில் கடல் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். அந்த உப்புத் தண்ணீரை இன்ஜின் சிலிண்டருக்குள் இழுத்துக்கொள்ளும். பிஸ்டன் தண்ணீரில் முட்டினால் அதைக் கிராங்கோடு இணைக்கும் ராடு வளைந்துவிடும். இதை அண்ணன் மகனுக்கு மட்டுமல்ல, யார்டில் வேலை பழகுகிற பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லச் சொன்னேன்.

சரியான சீல் வரக் காத்திருந்து, எதிர்ப்பக்க இம்பெல்லர் உள்ள பம்ப் தேடிப் பூட்டி, பட்டறை வாசலில் டிரம் வைத்து ஓட்டிப் பார்த்தேன். ஒழுகல் நின்றது. ஐட்லிங் மட்டும் கொஞ்சம் கனமாக, புகை கறுப்பாக இருந்தது. அது மலையின் குணம். குன்னூர் 1,850 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கடல்மட்டத்துக்கு வைத்த கார்புரேட்டர் இங்கே பெட்ரோலை அதிகமாகத் தரும். அதில் கைவைக்காமல், கொச்சியில் போய் வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன். இதையே திருப்பிப் பார்த்தால், கீழே நன்றாக ஓடிய படகை ஊட்டி ஏரிக்கோ பைக்காராவுக்கோ கொண்டுவந்தால் டர்போ இல்லாத இன்ஜின் இதே போலப் பலம் இழக்கும். பிட்ச் (ஒரு சுற்றில் திருகு போல முன்னேறும் தூரம்) குறைந்த புரொப்பல்லர் போட்டால்தான் இன்ஜின் தன் முழு வேகத்தைத் தொடும்.

இவ்வளவு தொல்லை இருக்க, அந்தக் காலத்தில் ஏன் இன்ஜினைத் திருப்பினார்கள்? கியர் பாக்ஸ்தான் காரணம். அப்போது பெட்ரோல் இன்ஜின் படகுகளில் பரவலாக இருந்தது போர்க்-வார்னர் கம்பெனியின் வெல்வெட் டிரைவ் கியர் பாக்ஸ். உள்ளே, சூரியனைச் சுற்றும் கிரகங்கள் போல நடுச்சக்கரத்தைச் சுற்றி உருளும் பல்சக்கரங்கள். முன்னுக்குப் போகும்போது கிளட்ச் எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கிவிடும். பல்சக்கரங்களுக்கு உள்ளுக்குள் வேலையே இல்லை. ரிவர்ஸில்தான் அவை உருள வேண்டும். கொஞ்ச நேரம் ரிவர்ஸ் போய்த் திரும்புவதற்காகச் செய்த பாகங்கள் அவை. முழு பலத்தில் மணிக்கணக்காக ரிவர்ஸ் கியரிலேயே முன்னுக்குப் போனால் தாங்காது. ஆகவே கியர் பாக்ஸைக் காப்பாற்ற இன்ஜினைத் திருப்பினார்கள். அன்றைக்கு அது நியாயமான வழி. எதிர்ச்சுழற்சி இன்ஜினில் அந்த கியர் பாக்ஸைப் பூட்டும்போது அதன் ஆயில் பம்பையும் அம்புக்குறி பார்த்துத் திருப்பிப் பூட்ட வேண்டும். மறந்தால் ஆயில் பிரஷர் வராது, கிளட்ச் கருகிவிடும்.

பிறகு வந்த இரட்டை ஷாஃப்ட் கியர் பாக்ஸ்களில் முன்னுக்கு ஒரு கிளட்ச், பின்னுக்கு அதே பலத்தில் இன்னொரு கிளட்ச். எந்தப் பக்கமும் முழு பலத்தில் முழு நாளும் ஓட்டலாம். இரண்டு சாதாரண இன்ஜினை வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்து லிவர் கேபிளை மாற்றிப் பூட்டினால் எதிர்ச்சுழற்சி வந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: சில மாடல்களில் முன் கியரின் விகிதமும் பின் கியரின் விகிதமும் ஒன்றாக இருக்காது. பெயர்ப்பலகையைப் படிக்காமல் பூட்டினால் இரண்டு புரொப்பல்லரும் இரண்டு வேகத்தில் ஓடும்.

அவுட்போர்டில் இன்னும் சுலபம். தலையில் இருக்கும் இன்ஜின் இரண்டிலும் ஒன்றேதான், வித்தியாசம் அடிக்காலில். அங்கே மேலிருந்து வரும் ஷாஃப்டின் சின்னப் பல்சக்கரம், முன்னும் பின்னும் நிற்கும் இரண்டு பல்சக்கரங்களை எப்போதும் எதிரெதிராகச் சுழற்றிக்கொண்டே இருக்கும். எதைப் பிடித்தால் முன்னுக்கு என்பதுதான் மாறுகிறது. தள்ளும் பாரம் அந்தப் பக்கத்துக்கு மாறுவதால், அதைத் தாங்கும் பேரிங்கையும் அதற்கேற்ப வைத்திருப்பார்கள். யமஹாவில் மாடல் பெயரின் முன்னால் 'எல்' எழுத்து இருந்தால் அது இடம்சுழிக் கால். சுசுகியின் சில மாடல்களில் ஒரே காலை எந்தப் பக்கத்துக்கும் அமைத்துக்கொள்ளலாம். 1982-ல் வந்த வோல்வோ பென்டா கம்பெனியின் டியூவோபுரொப் காலில் ஒரே அச்சில் இரண்டு புரொப்பல்லர் எதிரெதிராகச் சுழலும். ஒற்றை இன்ஜினிலேயே பக்கத் தள்ளல் அடிபட்டுவிடும். இவற்றில் எதிலும் இன்ஜினுக்கு விஷயமே தெரியாது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

பழைய இரட்டை இன்ஜின் படகு வாங்கப் போகிறவர்கள் முதலில் இரண்டு புல்லியும் சுற்றும் பக்கத்தைப் பாருங்கள். பிறகு ஷாஃப்ட் சுற்றும் பக்கம், பிறகு புரொப்பல்லரின் வார்ப்பில் உள்ள இடம்சுழி, வலம்சுழிக் குறி. மூன்றையும் எழுதி வைத்தால் திருப்பம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். இன்ஜினில் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஏனென்றால் அந்த இன்ஜின் ஒருநாள் செத்தால், அதே மாதிரி இன்னொன்று கிடைப்பது குதிரைக்கொம்பு. பாதி ராத்திரியில் ஒரு செல்ஃப் மோட்டார் போனாலும் பக்கத்து இன்ஜினிலிருந்து கழற்றிப் போட முடியாது.

கொச்சியில் அந்தப் படகு இப்போது ஓடுகிறது. வலது இன்ஜின் சூடாகவில்லை என்று அண்ணன் மகன் சொன்னான். "அப்போ இதையே இப்படியே வச்சுக்கலாமா சித்தப்பா?" என்று கேட்டான். ஓடும் வரை ஓடட்டும். ஆனால் அடுத்த முறை இன்ஜினில் பெரிய வேலை வந்தால் எதிர்ச்சுழற்சிப் பார்ட்ஸ் தேடி அலையாமல், சாதாரண இன்ஜின் ஒன்றும் இரட்டை ஷாஃப்ட் கியர் பாக்ஸ் இரண்டும் போட்டுவிடச் சொன்னேன். புரொப்பல்லர்கள் இருக்கிறபடியே இருக்கும். அதற்காகப் பிளைவீல் கூட்டின் அளவு, கியர் பாக்ஸ் ஷாஃப்ட் எவ்வளவு கீழே இறங்கி நிற்கிறது, இன்ஜின் படுக்கையின் சாய்வு, இப்போதைய கியர் விகிதம் எல்லாவற்றையும் படகு கரையில் நிற்கும்போதே அளந்து நோட்டில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.